வீட்டில் கட்டிய வானொலிப் பெட்டியில் பெருக்கத்தைக் கணிப்பதும் சரிசெய்வதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் வட்டாரத்தில் மத்திய அலை வானொலிப் பெட்டியைத் தம் கையாலேயே கட்டிப் பார்க்க முனையும் மாணவர்களும், பணி ஓய்வுக்குப் பின் சால்டரிங் அயனை மறுபடி கையில் எடுத்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை. எடுத்துக்காட்டாக வருவது ஒரே பெட்டி: 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஃபெரைட் தண்டில் 60 சுற்றுக் காயில், அதனுடன் நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும் கேங் கண்டன்சர், இரண்டு பிஎஃப்494 டிரான்சிஸ்டர்கள், ஒலியைப் பிரித்தெடுக்கும் டிடெக்டராக ஒரு ஜெர்மானியம் டையோடு, 10 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோல், ஒலியைப் பெருக்கும் எல்எம்386 ஐசி, 8 ஓம் ஸ்பீக்கர், 9 வோல்ட் பேட்டரி. இதில் இரண்டு டிரான்சிஸ்டர்களும் நிலையத்தின் அலைவெண்ணிலேயே பெருக்குகின்றன; இடையில் அலைவெண் மாற்றம் கிடையாது. உங்கள் பெட்டியில் பாகங்களின் மதிப்பு வேறாக இருந்தால் எண்கள் மாறுமே தவிர, கணக்குப் போடும் முறை மாறாது.

பெருக்கத்தை மடங்காகச் சொல்லாமல் டெசிபலில் சொல்வது ஏன்?

மடங்குகளைப் பெருக்கிக்கொண்டே போக வேண்டும். டெசிபல்களைக் கூட்டிக் கழித்தால் போதும். மின்னழுத்தம் 2 மடங்கானால் 6 டெசிபல், 10 மடங்கானால் 20, 100 மடங்கானால் 40 என்ற மூன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டாலே பெரும்பாலான கணக்கைத் தாளின் ஓரத்தில் முடித்துவிடலாம். இந்தப் பக்கத்தில் வரும் டெசிபல் எல்லாம் மின்னழுத்த விகிதத்தைக் குறிப்பவை. திறன் விகிதத்தோடு அவற்றைக் கலக்க வேண்டாம்.

கட்டத் தொடங்குமுன் மொத்தம் எவ்வளவு பெருக்கம் வேண்டும் என்று எப்படிக் கணிப்பது?

இரு முனைகளிலிருந்தும் உள்நோக்கி வர வேண்டும். முதலில் ஸ்பீக்கர் முனை. அமைதியான அறையில் செய்தி கேட்பதற்கு 60 மில்லிவாட் போதும். 8 ஓம் ஸ்பீக்கரில் அது 0.7 வோல்ட். எல்எம்386 ஐசியின் 1, 8 ஆம் கால்களுக்கிடையே எதையும் இணைக்காமல் விட்டால் அதன் பெருக்கம் 20 மடங்கு. ஆகவே அதற்குள் 35 மில்லிவோல்ட் ஒலிக்குறிப்பு நுழைய வேண்டும். டையோடு தன் வேலையைச் சரியாகச் செய்ய ஏறத்தாழ 200 மில்லிவோல்ட் ஊர்தி அலை (ஒலியைச் சுமந்து வரும் வானொலி அலை) வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதன் உச்சம் 280 மில்லிவோல்ட். பண்பேற்றம் (ஊர்தி அலை மீது ஒலி ஏறியிருக்கும் அளவு) 30 விழுக்காடு, டையோடின் திறமை 0.6 என்று கொண்டால் வெளிவரும் ஒலிக்குறிப்பின் உச்சம் 50 மில்லிவோல்ட், அதாவது ஆர்எம்எஸ் மதிப்பில் 35 மில்லிவோல்ட். ஸ்பீக்கர் பக்கத்துக் கணக்கு இங்கே பொருந்திவிடுகிறது.

இனி ஏரியல் முனை. திருச்சி நிலையத்தின் மத்திய அலை 936 கிலோஹெர்ட்ஸ், 100 கிலோவாட். காரைக்குடிக்கு அது நேர்கோட்டில் சுமார் 80 கிலோமீட்டர். வறண்ட செம்புறை நிலத்தின் வழியாக வரும் தரையலை இவ்வளவு தொலைவில் மீட்டருக்குச் சில மில்லிவோல்ட் என்ற அளவில் இருக்கும். கணக்குக்காக மீட்டருக்கு 2 மில்லிவோல்ட் என்று கொள்வோம். நம் ஃபெரைட் தண்டின் பயனுறு உயரம் (அலையின் வலிமையை இதனால் பெருக்கினால் காயிலில் தூண்டப்படும் மின்னழுத்தம் வரும்) என்ன? சுற்றுகளின் எண்ணிக்கை, தண்டின் குறுக்குப் பரப்பு, தண்டின் பயனுறு ஊடுருவு திறன், இவற்றோடு இரண்டு மடங்கு பையையும் (π) பெருக்கி அலைநீளத்தால் வகுத்தால் அது கிடைக்கும். 60 சுற்று, 0.785 சதுர சென்டிமீட்டர், ஊடுருவு திறன் 60, அலைநீளம் 320 மீட்டர் என்று இட்டால் 5.5 மில்லிமீட்டர் வருகிறது. ஆகவே காயிலில் தூண்டப்படுவது 11 மைக்ரோவோல்ட். காயிலும் கேங்கும் சேர்ந்த இசைவுச் சுற்றின் கியூ மதிப்பு, அதாவது இசைவின் கூர்மை, சுமையோடு சேர்த்து 75 என்றால், காயிலின் இரு முனைகளுக்கிடையே 0.83 மில்லிவோல்ட் நிற்கும். முதல் டிரான்சிஸ்டரின் பேஸுக்குப் போவது 5 சுற்றுள்ள சிறு காயில் வழியாக என்பதால் அது பன்னிரண்டில் ஒன்றாகக் குறைந்து 69 மைக்ரோவோல்ட் ஆகிறது.

69 மைக்ரோவோல்ட்டை 200 மில்லிவோல்ட் ஆக்க வேண்டும். ஏறத்தாழ 2,900 மடங்கு; 69 டெசிபல். ஒரு டிரான்சிஸ்டரால் இது முடியாது, இரண்டு வேண்டும். பெட்டியின் படத்தை வரைவதற்கு முன்பே இந்த முடிவுக்கு வந்துவிட முடிகிறது என்பதுதான் கணிப்பின் பயன்.

பன்னிரண்டில் ஒன்றாகக் குறைத்துவிட்டு மறுபடி பெருக்குவது வீண் வேலை அல்லவா? காயிலை நேரே பேஸில் இணைத்தால் என்ன?

இணைத்துப் பார்த்தால் குறிப்பு (சிக்னல்) குறையும் என்பதே விடை. 200 மைக்ரோஹென்றி காயிலின் எதிர்வினை 936 கிலோஹெர்ட்ஸில் சுமார் 1,180 ஓம். சுமையில்லாத கியூ 100 என்றால் இசைவுச் சுற்று 118 கிலோ ஓம் போல நடந்துகொள்ளும். ஒரு மில்லிஆம்பியரில் ஓடும் டிரான்சிஸ்டரின் பேஸோ வெறும் 2.5 கிலோ ஓம். நேரே இணைத்தால் கியூ இரண்டுக்கு இறங்கிவிடும். 11 மைக்ரோவோல்ட் இரண்டு மடங்காகி 23 மைக்ரோவோல்ட் தான் பேஸுக்குக் கிடைக்கும். 12க்கு 1 என்று குறைத்த பின்னும் 69 கிடைத்ததை நினைத்துப் பாருங்கள்.

பேஸில் மிக அதிக மின்னழுத்தம் கிடைப்பது 7க்கு 1 என்ற விகிதத்தில். அப்போது 80 மைக்ரோவோல்ட் வரும். ஆனால் கியூ 51க்கு இறங்கிவிடுகிறது. 12க்கு 1 வைத்தால் நாம் இழப்பது 1.3 டெசிபல் மட்டுமே. அந்தச் சிறு விலைக்குக் கியூ 75 ஆகவே நிற்கிறது. நிலையங்களைப் பிரித்துக் கேட்கும் வேலை முழுவதும் ஒற்றை இசைவுச் சுற்றின் தலையில் விழும் இத்தகைய பெட்டியில் 1.3 டெசிபலைத் தாராளமாக விட்டுக்கொடுக்கலாம். கியூ 75 இருந்தால் 936இல் இசைவித்திருக்கும்போது தூத்துக்குடியின் 1053 கிலோஹெர்ட்ஸ் ஏறத்தாழ 25 டெசிபல் அமுங்கும். தூத்துக்குடி 200 கிலோவாட் நிலையம் என்பதால் அந்த அமுக்கம் நமக்குத் தேவை.

ஒரு டிரான்சிஸ்டர் கட்டத்தின் பெருக்கத்தை ஆசிலாஸ்கோப் இல்லாமல் எப்படி அறிவது?

மல்டிமீட்டரின் டிசி அளவீடு ஒன்றே போதும். எமிட்டர் ரெசிஸ்டரின் இரு முனைகளிலும் மின்னழுத்தத்தை அளந்து, ரெசிஸ்டரின் மதிப்பால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். 1 கிலோ ஓமில் 1 வோல்ட் என்றால் 1 மில்லிஆம்பியர். அதை 25 மில்லிவோல்ட்டால் வகுத்தால் வருவது டிரான்சிஸ்டரின் கடத்துதிறன்: 1 மில்லிஆம்பியருக்கு 40 மில்லிசீமன்ஸ். கலெக்டரில் காணப்படும் மொத்தச் சுமையை இதோடு பெருக்கினால் பெருக்கம் வந்துவிடும்.

இங்கே பலரும் தவறவிடுவது ‘மொத்தச் சுமை’ என்பதைத்தான். கலெக்டரில் 2.2 கிலோ ஓம் போட்டிருக்கிறோம், ஆகவே பெருக்கம் 88 என்று எழுதிவிடுகிறார்கள். அடுத்த டிரான்சிஸ்டரின் 2.5 கிலோ ஓமும் அதே இடத்தில் இணையாகத் தொங்குகிறது. இரண்டும் சேர்ந்தால் 1.17 கிலோ ஓம். முதல் கட்டத்தின் உண்மையான பெருக்கம் 47 மடங்கு, 33 டெசிபல். இரண்டாம் கட்டத்தில் டையோடும் வால்யூம் கன்ட்ரோலும் சேர்ந்து ஏறத்தாழ 5 கிலோ ஓம் சுமையாக நிற்பதால் மொத்தம் 1.53 கிலோ ஓம். பெருக்கம் 61 மடங்கு, 36 டெசிபல். இரண்டும் சேர்ந்தால் முன்பு கேட்ட 69 டெசிபல் கிடைத்துவிடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எச்எஃப்இ (மின்னோட்டப் பெருக்கம்) அதிகமுள்ள டிரான்சிஸ்டரைத் தேடிக் கடை கடையாக ஏற வேண்டியதில்லை. மேற்கண்ட வாய்ப்பாட்டில் அது நேரடியாக வரவே இல்லை. பேஸின் உள்ளீட்டு ரெசிஸ்டன்ஸ் வழியாக மட்டுமே தலைகாட்டுகிறது.

பிஎஃப்494 கிடைக்கவில்லை, பிசி547 போடலாமா?

போடலாம், பெட்டி பாடும். ஆனால் பிசி547இன் கலெக்டருக்கும் பேஸுக்கும் இடைப்பட்ட கொள்ளளவு சில பிகோஃபாரட். இரண்டாம் கட்டத்தின் பெருக்கம் 60 என்றால் அது பேஸில் 60 மடங்குக்கு மேல் பெருகித் தெரியும். ஆகவே 200 பிகோஃபாரட்டை ஒட்டிய ஒரு கண்டன்சர், முதல் கட்டத்தின் கலெக்டரில் மறைமுகமாக வந்து நிற்கிறது. 936 கிலோஹெர்ட்ஸில் இதனால் 4 டெசிபல் வரை இழப்பு நேரலாம். பட்டையின் மேல்முனைக்குப் போகப் போக இழப்பு கூடும். பிஎஃப்494இல் அந்தக் கொள்ளளவு 1 பிகோஃபாரட் அளவே என்பதால் இந்தத் தொல்லை மிகக் குறைவு. முதல் கட்டத்தில் பிசி547, இரண்டாம் கட்டத்தில் பிஎஃப்494 என்று வைத்தால் இழப்பில் பெரும்பகுதி தவிர்ந்துவிடும். முதல் கட்டத்தின் கொள்ளளவு இசைவுச் சுற்றோடு கரைந்துபோகும்.

பெருக்கத்தை அளக்க மல்டிமீட்டரின் ஏசி அளவீட்டைப் பயன்படுத்தலாமா?

கூடாது. சாதாரண மல்டிமீட்டரின் ஏசி அளவீடு வீட்டு மின்சாரத்துக்காக ஏற்பட்டது. சில நூறு ஹெர்ட்ஸைத் தாண்டினால் அது காட்டும் எண்ணுக்குப் பொருள் இல்லை.

அப்படியானால் கணக்கு சரிதானா என்று எதைக் கொண்டு சரிபார்ப்பது?

வேண்டிய அலைவெண்ணில் குறிப்பை உண்டாக்கித் தரும் சிக்னல் ஜெனரேட்டர் கிடைக்குமானால் ஈடுசெய்து அளக்கும் முறையைப் பரிந்துரைப்பேன். கல்லூரி ஆய்வகத்தில் ஒரு பிற்பகல் கேட்டுப் பெற முடிந்தாலே போதும். ஜெனரேட்டரை 936இல் வைத்து, 0.1 மைக்ரோஃபாரட் கண்டன்சர் வழியாக, அதாவது கடைக்காரர் 104 என்று எடுத்துத் தரும் அந்தக் கண்டன்சர் வழியாக, இரண்டாம் டிரான்சிஸ்டரின் பேஸில் கொடுங்கள். டிடெக்டரின் டிசி மின்னழுத்தத்தை மல்டிமீட்டரில் பார்த்துக்கொண்டே ஜெனரேட்டரைக் கூட்டி, 170 மில்லிவோல்ட் வரும் இடத்தில் நிறுத்துங்கள். அடுத்து அதே குறிப்பை முதல் டிரான்சிஸ்டரின் பேஸுக்கு மாற்றுங்கள். மீட்டர் எகிறும். இப்போது ஜெனரேட்டருக்கும் பேஸுக்கும் நடுவே தணிப்பிகளைப் போட்டு மீட்டரை மறுபடி 170க்கு இறக்குங்கள். எத்தனை டெசிபல் தணிக்க வேண்டியிருந்ததோ அதுவே முதல் கட்டத்தின் பெருக்கம்.

இந்த முறையின் அழகு, டையோடின் வளைவு நேரானதா, மீட்டர் துல்லியமானதா என்ற கேள்விகள் எழவே எழாமல் போவதுதான். இரண்டு முறையும் மீட்டர் அதே இடத்தில் நிற்கிறது. தணிப்பிக்கும் பெரிய செலவில்லை. பேஸ் 2.5 கிலோ ஓம் என்பதால், தொடராக 470 ஓம், தரைக்கு 51 ஓம் போட்ட எளிய பிரிப்பு 20 டெசிபல் தணிக்கும். 110 ஓமும் 51 ஓமும் போட்டால் 10 டெசிபல். மீதி இரண்டு மூன்று டெசிபலை ஜெனரேட்டரின் திருகிலேயே சரிக்கட்டலாம். அதைக் குறித்துக்கொள்ள மறக்க வேண்டாம்.

ஜெனரேட்டரே இல்லை. என்ன செய்வது?

நிலையத்தையே ஜெனரேட்டராகக் கொள்ளலாம். பகலில், குறிப்பாக நண்பகலை ஒட்டிய மணிகளில், தரையலை மட்டுமே வந்து சேர்வதால் ஊர்தி அலையின் வலிமை ஏற்ற இறக்கமின்றி நிற்கும்; பண்பேற்றம் எப்படி ஆடினாலும் டிடெக்டரின் சராசரி டிசி மாறாது. பயாஸை (டிரான்சிஸ்டரில் ஓடும் நிலையான டிசியை) மாற்றும்போதும், எமிட்டரில் ரெசிஸ்டர் சேர்க்கும்போதும் அந்த டிசி எவ்வளவு மாறுகிறது என்று ஒப்பிட்டுக்கொண்டே போகலாம். பொழுது சாய்ந்த பிறகு இந்த அளவீட்டில் இறங்க வேண்டாம். மேல் வளிமண்டலத்தில் பட்டுத் திரும்பும் வானலையும் சேர்ந்து வரத் தொடங்கிவிடும். குறிப்பு ஏறி இறங்குவது பெட்டியாலா வானத்தாலா என்று பிரித்தறிய முடியாது.

நிலையம் வரும்போது விசில் சத்தமும் சேர்ந்து வருகிறது. பெருக்கம் போதவில்லை என்பதா?

நேர்மாறானது. இந்தப் பெட்டியில் 69 டெசிபல் முழுவதும் ஒரே அலைவெண்ணில் நிகழ்கிறது. இரண்டாம் கலெக்டரில் நிற்பது 200 மில்லிவோல்ட். காயிலில் நிற்பது 0.83 மில்லிவோல்ட். கலெக்டரில் உள்ளதில் 240இல் ஒரு பங்கு ஏதோ ஒரு வழியில் காயிலுக்குத் திரும்பி, அதே திசையில் சேர்ந்துகொண்டால் போதும், பெட்டி தானே அலையை உண்டாக்கத் தொடங்கிவிடும். 240இல் ஒரு பங்கு கசிவதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். தண்டுக்கு இரண்டு விரற்கடை தூரத்தில் இரண்டாம் டிரான்சிஸ்டர் நிற்பதே போதுமானது.

ஆகவே பாகங்களை ஒரே வரிசையில், தண்டு ஒரு கோடியிலும் டையோடு மறு கோடியிலும் வருமாறு அமைக்க வேண்டும். வட்டமாக வளைத்துக் கட்டி, கடைசிக் கட்டத்தைக் காயிலின் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்துவதைப் போன்ற தவறு வேறில்லை. சிறிய பெட்டிக்குள் அடக்க வேண்டும் என்ற ஆசையே பெரும்பாலும் அதற்குக் காரணம். ஒவ்வொரு கட்டத்துக்கும் மின்சாரம் போகும் வழியில் 100 ஓம் ரெசிஸ்டரும் அதையடுத்துத் தரைக்கு ஒரு 104 கண்டன்சரும் இருக்கட்டும். பேட்டரிக்குக் குறுக்கே 100 மைக்ரோஃபாரட் போடுங்கள். பழைய பேட்டரியில் வரும் ‘டப டப’ என்ற சத்தம் பெரும்பாலும் இதிலேயே நின்றுவிடும். இவ்வளவுக்குப் பின்னும் விசில் நிற்கவில்லை என்றால், 5 சுற்றுக் காயிலின் இரு முனைகளையும் இடம் மாற்றிப் பற்றவைத்துப் பாருங்கள். கூட்டிக்கொண்டிருந்த பின்னூட்டம் கழிக்கத் தொடங்கும். பல பெட்டிகள் இந்த ஒரு மாற்றத்திலேயே அடங்கிவிடுகின்றன.

பெருக்கத்தையே குறைக்க வேண்டி வந்தால், எமிட்டரைத் தரையோடு இணைக்கும் பைபாஸ் கண்டன்சருக்குத் தொடராக முதல் கட்டத்தின் எமிட்டரில் 47 ஓம் போடுங்கள். டிரான்சிஸ்டரின் உள்ளார்ந்த 25 ஓமோடு அது சேர்ந்து 72 ஓம் ஆவதால், பெருக்கம் 47 மடங்கிலிருந்து ஏறத்தாழ 16 மடங்குக்கு இறங்கும். டிசி பயாஸ் அசையாது.

வால்யூம் கன்ட்ரோல் இருக்கும்போது தனியாக ஒரு பெருக்கக் கட்டுப்பாடு எதற்கு?

வால்யூம் கன்ட்ரோல் டையோடுக்குப் பின்னால் இருக்கிறது. அதற்கு முன்னாலேயே இரண்டாம் டிரான்சிஸ்டர் தாங்க முடியாத அளவுக்குக் குறிப்பு ஏறி, பேச்சு கரகரத்துப் போயிருந்தால், வால்யூமைக் குறைப்பதால் கரகரப்பு மெல்லக் கேட்குமே ஒழிய மறையாது. முன்சொன்ன 47 ஓமுக்குப் பதிலாக 1 கிலோ ஓம் ப்ரீசெட் (திருகி மதிப்பை மாற்றும் சிறு ரெசிஸ்டர்) ஒன்றை அதே இடத்தில் வைத்தால் முதல் கட்டத்தின் பெருக்கத்தை 25 டெசிபல் அளவுக்குக் குறைக்கவும் கூட்டவும் முடியும். ஒருமுறை சரிசெய்துவிட்டு விட்டுவிடலாம்.

செலவே இல்லாத கட்டுப்பாடு ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. ஃபெரைட் தண்டின் பக்கவாட்டு நிலையத்தைப் பார்க்கும்போது குறிப்பு மிகுதி; தண்டின் முனை நிலையத்தைச் சுட்டும்போது குறிப்பு மிகக் குறைவு. காரைக்குடியிலிருந்து திருச்சி ஏறத்தாழ நேர் வடக்கு. ஆகவே தண்டு கிழக்கு மேற்காகக் கிடக்க வேண்டும். 1269 கிலோஹெர்ட்ஸ் மதுரை நிலையத்துக்கோ அது மேற்குத் திசை என்பதால் தண்டை வடக்கு தெற்காகத் திருப்ப வேண்டும். தூத்துக்குடி தெற்கு தென்மேற்கில் இருப்பதால், திருச்சிக்கு வைத்த அதே கிடையில் அதுவும் நன்றாகவே விழும். இந்த இரண்டையும் தண்டைத் திருப்பிப் பிரிக்கலாம் என்று எண்ண வேண்டாம், அது இசைவுச் சுற்றின் வேலை.

இன்னும் ஒரு டிரான்சிஸ்டர் சேர்த்தால் தொலைவிலுள்ள நிலையங்கள் எல்லாம் கிடைக்குமா?

இந்தப் பக்கத்தில் வரும் கேள்விகளிலேயே முதன்மையானது இது. மத்திய அலையில் காற்றிலேயே இரைச்சல் இருக்கிறது: தொலைதூர இடிமின்னல், எல்இடி விளக்கு, மொபைல் சார்ஜர், இன்வெர்ட்டர், மோட்டார் எல்லாமே தம் பங்கைச் சேர்க்கின்றன. நிலையத்தின் குறிப்பும் இந்த இரைச்சலும் ஒரே காயில் வழியாகத்தான் நுழைகின்றன. பின்னால் வரும் எந்த டிரான்சிஸ்டரும் ஒன்றை மட்டும் பெருக்கி மற்றொன்றை விட்டுவைப்பதில்லை. வரத்துக்கால் தூர்ந்து கிடக்கும்போது ஊருணிக் கரையை உயர்த்துவதைப் போன்றது அது. நீர் வருவதற்கு வரத்துக்காலைத்தான் பார்க்க வேண்டும்.

போதுமான பெருக்கம் வந்துவிட்டதா என்று அறிய எளிய சோதனை உண்டு. பகலில், நிலையம் எதுவும் இல்லாத இடத்துக்குக் கேங்கைத் திருப்பி, வால்யூமை முழுதும் கூட்டுங்கள். ‘உஸ்’ என்ற இரைச்சல் கேட்கும். இப்போது 5 சுற்றுக் காயிலைப் பேஸ் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 820 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வையுங்கள். டிரான்சிஸ்டர் அந்தப் பக்கம் காணும் ரெசிஸ்டன்ஸ் பழையபடியே இருக்க வேண்டும் என்பதற்காகவே இது. இரைச்சல் சட்டென்று குறைந்தால், அதுவரை கேட்டது வெளியிலிருந்து வந்த இரைச்சல். பெட்டிக்குப் போதிய பெருக்கம் இருக்கிறது, இதற்கு மேல் சேர்ப்பது வீண். இரைச்சல் குறையாமல் அப்படியே நின்றால், நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தது முதல் டிரான்சிஸ்டரின் சொந்த இரைச்சல். அப்போதும் மருந்து இன்னொரு கட்டம் அல்ல. நீளமான தண்டு, நல்ல கியூ உள்ள காயில், அல்லது முதல் கட்டத்தின் மின்னோட்டத்தை அரை மில்லிஆம்பியர் போலக் குறைத்துப் பார்ப்பது. கூடுதல் பெருக்கம் உண்மையில் தேவைப்படுவது மூன்றாவது நிலையில்தான்: வால்யூம் முழுதும் திறந்தும் இரைச்சலே கேட்கவில்லை, பெட்டி ஊமையாக இருக்கிறது என்னும்போது.

செட்டிநாட்டு வீட்டுக்குள் பெட்டி மந்தமாகிவிடுகிறது. சுவர் கனமானது என்பதாலா?

சுவரைக் குறை சொல்ல முடியாது. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் எவ்வளவு கனமாக இருந்தாலும் 320 மீட்டர் நீள அலைக்கு அவை பெரிய தடையல்ல; ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் தேக்குத் தூணும் அப்படியே. மந்தமாக்குபவை இரும்பும் கம்பியும்: உத்தரமாகப் போட்ட இரும்பு கர்டர்கள், முற்றத்தின் மேல் கட்டிய கம்பி வலை, வளவுக்கு வெளியே இறக்கிய தகரக் கொட்டகை, சுவரோடு ஓடும் மின்கம்பிகள். அதே மின்கம்பிகள் எல்இடி விளக்குகளின் இரைச்சலை அறை அறையாகக் கொண்டுபோய்ச் சேர்க்கவும் செய்கின்றன. பெட்டியை எடுத்துக்கொண்டு முகப்பு, பட்டாலை, வளவு, மொட்டைமாடி என்று நடந்து, ஒவ்வோர் இடத்திலும் டிடெக்டரின் டிசியைக் குறித்துப் பாருங்கள். முற்றத்தின் நடுவிலும் மொட்டைமாடியிலும் மின்னழுத்தம் ஏறுவதைக் காண்பீர்கள். அங்கே கிடைக்கும் கூடுதல் குறிப்பு, இரைச்சலைக் கூட்டாமல் வரும் கூடுதல். டிரான்சிஸ்டரால் தர முடியாதது அதுதான்.

மொட்டைமாடியில் ஏரியல் கம்பி கட்டலாமா?

கட்டலாம், ஆனால் பெருக்கக் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும். ஆறு மீட்டர் உயரத்தில் பத்து மீட்டர் கம்பியின் பயனுறு உயரம் சில மீட்டர், தண்டின் 5.5 மில்லிமீட்டரோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. அதை நேரே காயிலின் உச்சியில் இணைத்தால் முதல் டிரான்சிஸ்டர் திணறும், இசைவும் நகர்ந்துவிடும். 10 அல்லது 22 பிகோஃபாரட் கண்டன்சர் வழியாக இணைத்து, எமிட்டர் ப்ரீசெட்டால் பெருக்கத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்துச் சரளை மண்ணில் எர்த் எளிதில் அமையாது. கோடையில் மண் காய்ந்து கட்டியாகிவிடும். கிணற்றடி போல ஈரம் நிற்கும் இடமாகப் பார்த்து, கரியும் உப்பும் இட்டுக் குழாயை இறக்கினால் ஓரளவு நிற்கும். கோடை மழையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இடி தொடங்கும் முன்பே ஏரியலைப் பெட்டியிலிருந்து கழற்றி, வீட்டுக்கு வெளியே எர்த்தில் பிணைத்துவிட வேண்டும். இதில் சோம்பல் கூடாது.

டிஏ7642 என்ற மூன்று கால் ஐசி இந்த வேலையை எல்லாம் செய்துவிடுமே?

செய்யும். சுமார் 70 டெசிபல் பெருக்கம், டிடெக்டர், தானியங்கிப் பெருக்கக் கட்டுப்பாடு எல்லாம் அதற்குள்ளேயே உண்டு. உள்ளீட்டு ரெசிஸ்டன்ஸ் மிக அதிகம் என்பதால் 5 சுற்றுக் காயிலும் தேவையில்லை, முழுக் காயிலையும் இணைக்கலாம். அதன் பெருக்கம் மின்னழுத்தத்தைப் பொறுத்தது: ஏறத்தாழ 1.2 வோல்ட்டிலிருந்து 1.6 வோல்ட்டுக்குள் வைத்துக்கொண்டு, 9 வோல்ட்டிலிருந்து ஒரு ப்ரீசெட் வழியாக மெல்ல ஏற்றி, விசில் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்த வேண்டும். நல்ல ஐசி. ஆயினும் பெருக்கம் எங்கே பிறக்கிறது என்று கற்றுக்கொள்ள விரும்புபவருக்கு இரண்டு டிரான்சிஸ்டர் பெட்டியையே முதலில் கட்டச் சொல்வேன்.

சூப்பர்ஹெட் பெட்டிக்கும் இதே கணக்குத்தானா?

நிலையத்தின் அலைவெண்ணை 455 கிலோஹெர்ட்ஸாக மாற்றிப் பெருக்குவது சூப்பர்ஹெட். கணக்கு இதுவே, பங்கீடு வேறு. பெருக்கத்தின் பெரும்பகுதி 455 கிலோஹெர்ட்ஸில் நடப்பதால், வெளியீடு காயிலுக்குத் திரும்பினாலும் அங்கே இசைவு இல்லை. விசில் தொல்லை பெருமளவு குறையும். சரிசெய்யும்போது கறுப்பு, வெள்ளை, மஞ்சள் என்ற வரிசையில் ஐஎஃப்டிகளை (455க்கு இசைவிக்கும் சிறு டிரான்ஸ்ஃபார்மர்களை) கடைசியிலிருந்து முன்னோக்கித் திருப்புங்கள். இதை வலிமை குறைந்த குறிப்பை வைத்தே செய்ய வேண்டும். இத்தகைய பெட்டிகளில் டிடெக்டரின் டிசியே முதல் ஐஎஃப் டிரான்சிஸ்டரின் மின்னோட்டத்தைக் குறைக்கும். 1 மில்லிஆம்பியர் 0.1 ஆகும்போது பெருக்கம் 20 டெசிபல் விழும். வலிமையான குறிப்பில் ஐஎஃப்டியைத் திருப்பினால் இந்தத் தானியங்கிக் கட்டுப்பாடு உங்கள் திருத்தத்தையெல்லாம் விழுங்கிவிடும். உச்சம் எங்கே என்று காதுக்குத் தெரியாது.

எல்எம்386 ஐசியின் பெருக்கத்தை 200க்கு ஏற்றிவிட்டால் முன்கட்டங்களைச் சுருக்கலாமா?

முடியாது. 1, 8 ஆம் கால்களுக்கிடையே 10 மைக்ரோஃபாரட் வைத்தால் 200 மடங்கு கிடைப்பது உண்மை. ஆனால் டையோடுக்கு முன்னால் குறிப்பு 200 மில்லிவோல்ட்டை எட்டாமல் சில மில்லிவோல்ட்டிலேயே நின்றுவிட்டால் டையோடின் திறமை 0.6 என்பதிலிருந்து அடியோடு சரிந்துவிடும். குறிப்பு பாதியானால் ஒலி கால்பங்காகிவிடும் நிலை அது. அங்கே இழந்ததை ஒலிப்பெருக்கத்தால் மீட்டால் கூடவே ஹம்மும் இரைச்சலும் ஏறும். நடுவழியாக, அந்தக் கண்டன்சருக்குத் தொடராக 1.2 கிலோ ஓம் வைத்து 50 மடங்காக்கிக்கொள்ளலாம். 35 மில்லிவோல்ட்டுக்கு 1.75 வோல்ட் வரும், அது 0.38 வாட். பேட்டரிக்குப் பதிலாக அடாப்டர் போடுபவர்கள் 20 மடங்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சுவிட்ச் வகை அடாப்டரின் இரைச்சல் மத்திய அலைக்குள்ளேயே விழும் என்பதால், பழைய இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டராகத் தேடிப் பிடித்து 1,000 மைக்ரோஃபாரட் கண்டன்சர் ஒன்றைக் குறுக்கே போடுங்கள்.